குமிழைத் திருப்பினால் குளிர் கூடுமா?

கேள்வி: எங்கள் பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஃபிரீசர் முழுக்க ஐஸ் படிகிறது. கீழே வைக்கும் பாலும் கறியும் பழுதாகின்றன. குமிழைக் கூட்டியும் பயனில்லை. இந்தக் குமிழை யார் கண்டுபிடித்தது? அது என்னதான் செய்கிறது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இதன் மூதாதை கோழிக்குஞ்சு பொரிக்க வைத்த ஓர் அடுப்பு. 17ஆம் நூற்றாண்டில் கொர்னேலிஸ் டிரெபெல் என்ற ஒல்லாந்தர், சூடு கூடினால் காற்றுவழியைத் தானே அடைத்துக்கொள்ளும் அடுப்பைச் செய்தார். 1830இல் ஸ்கொட்லாந்து வேதியியலாளர் அன்ட்ரூ யூர், சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகட்டை வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் உங்கள் குமிழுக்குப் பின்னால் இருப்பது வாயு அடைத்த ஒரு மெல்லிய குழாய். அதன் நுனி ஃபிரீசர் சுவரைத் தொட்டிருக்கும். சுவர் குளிர்ந்தால் குழாயினுள் அழுத்தம் குறைந்து கம்பிரசர் நிற்கும். சூடேறினால் மறுபடி ஓடும். எந்தக் குளிரில் நிற்பது என்பதை மட்டுமே குமிழ் மாற்றுகிறது.

வில்லங்கம் இங்கேதான். குழாய் அறிவது சுவரின் குளிரை. உங்கள் பாலின் குளிரை அல்ல. விரல் தடிப்பில் ஐஸ் படிந்தால் அது கம்பளி போலச் சுவரை மூடிவிடும். சுவர் சீக்கிரம் குளிர்ந்து கம்பிரசர் நின்றுவிட, கீழே குளிர் இறங்காது. குமிழைக் கூட்டக் கூட்ட ஐஸ்தான் தடிக்கும்.

ஆகவே பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவிட்டு, ஐஸைத் தானாகக் கரைய விடுங்கள். தயவுசெய்து கத்தியால் கொத்தாதீர்கள். அந்த மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் குளிர்வாயு ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் பிரிட்ஜே போய்விடும். பல புதிய பிரிட்ஜ்களில் இருக்கும் வாயு தீப்பற்றவும் கூடியது.

பிறகு கதவு றப்பரைப் பாருங்கள். 2009இல் போர் முடிந்த பின்னரே வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் திரும்பியது. அப்போது பாவித்த பிரிட்ஜாக வாங்கியிருந்தால் றப்பர் இன்னும் பழையது. ஒரு கடதாசியை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். லேசாக வந்தால், மாரிகால ஈரக்காற்று அந்த வழியே புகுந்து ஐஸாகிறது. றப்பரை மாற்றுங்கள்.

குமிழை நடுவில் வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். கீழ்த்தட்டில் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் வெப்பமானி 5 பாகைக்குக் கீழே காட்டினால் போதும். ஆனால் மீனை நெடுநாள் வைக்க மறை 18 பாகை வேண்டும். பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. முல்லைத்தீவுக் கடல் மீனை அதில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள்.

கரைத்த பிறகும் சுவரின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடித்தால் வாயு குறைந்திருக்கலாம். அது குமிழின் வேலையல்ல, திருத்துநரைக் கூப்பிடுங்கள்.