சொல் பிறந்த கதை: ‘பிளக்’ என்றால் பறிப்பதா, துணிவதா?

கேள்வி: எங்கள் அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். அவருடைய வேலைக்கு ஆங்கிலத்தில் ‘பிளக்’ என்று சொல்வார்கள் என்பதால் அகராதியில் தேடிப் பார்த்தேன். பறித்தல், இறகு பிடுங்குதல், தந்தியை மீட்டுதல், ஆட்டின் ஈரல், துணிச்சல் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?
– உயர்தர மாணவி, பூனாகலை

பதில்: இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கையசைவுதான் இருக்கிறது. ஒன்றை விரலால் பிடித்து, வெடுக்கென்று இழுத்து, அது இருந்த இடத்திலிருந்து பிரித்தெடுக்கும் அசைவு.

சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘ப்ளுக்கியன்’ என்று இருந்தது. இலத்தீனில் ‘பிலுஸ்’ என்றால் உரோமம். அதிலிருந்து பேச்சு இலத்தீனில் பிறந்த ஒரு வினைதான் இதற்கு மூலம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். இத்தாலியர் திராட்சைக் குலையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துத் தின்பதை இன்றும் ‘பிலுக்காரே’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் மரக்கறியின் தோல் சீவுவதை ‘எப்ளுஷே’ என்கிறார்கள். எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே, கோழிக்கு இறகு பிடுங்குவதுதான் இந்தச் சொல்லின் தாய்வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பொருள். பூவும் பழமும் கொழுந்தும் அதன் பிறகு வந்து சேர்ந்தவை. நரம்பை விரலால் இழுத்து விடுவதால் வீணையும் கிதாரும் இந்த வினைக்குள் வந்தன.

இனித் துணிச்சலுக்கு வருவோம். ஆடு மாடு வெட்டுகிறவர் நெஞ்சுக்கூட்டைத் திறந்து, இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுப்பார். இழுத்து எடுத்த அந்தக் கொத்துக்கே ‘பிளக்’ என்று பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் குத்துச்சண்டைக்காரரின் பேச்சில் அது துணிவைக் குறிக்கும் சொல்லாக மாறியது. உள்ளே ஈரலும் இதயமும் உறுதியாக இருப்பவன் அடி வாங்கினாலும் பின்வாங்கமாட்டான் என்பது கருத்து.

நம் வீடுகளில் ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்கிறோம். ஈரல் குலை என்பதே பேச்சில் ஈரக்குலை ஆயிற்று. ஆங்கிலேயர் துணிவைக் கண்ட அதே உறுப்புகளில்தான் தமிழர் அச்சத்தைக் கண்டார்கள்.

கேள்வி: ‘பிக்’, ‘பிளக்’ இரண்டையும் ஒத்த சொற்கள் என்றே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் கோப்பிக்குப் ‘பிக்கிங்’ என்றும் தேயிலைக்குப் ‘பிளக்கிங்’ என்றும் தோட்டத்துரைமார் எழுதியது ஏன்?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: ‘பிக்’ என்பதில் தேர்ந்தெடுப்பது என்ற பொருள் சேர்ந்தே இருக்கிறது. நம்முடைய ‘பொறுக்கு’ என்ற சொல் அதற்கு மிகவும் நெருங்கியது. ‘பொறுக்கி எடுத்த ஆட்கள்’ என்கிறோம் அல்லவா? கோப்பிக் கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்து நிற்கும். பழத்தை மட்டும் பார்த்துப் பொறுக்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை அதிகம்.

தேயிலையில் விரலுக்கு வேலை அதிகம். மட்டக் கம்பைத் தூர்களின் மேல் கிடத்துவார்கள். அதற்கு மேலே எழுந்து நிற்கும் தளிரில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டைப் பிடித்து ஒடிக்க வேண்டும். இளந்தண்டு சட்டென்று ஒடியும். நார்போல வளைந்தால் முற்றிவிட்டது என்று பொருள். பிடித்த கொழுந்தைக் கைக்குள் இறுக்கவும் கூடாது. நசுங்கிய இலை ஸ்டோருக்குப் போகும் முன்பே சிவந்துவிடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிந்துவிட்டு, அதே வீச்சில் கை அடுத்த வாதுக்குத் திரும்பும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு இப்படி ஏறக்குறைய 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில் நம் சரித்திரமும் கிடக்கிறது. கோப்பிப் பழம் பொறுக்குவது ஆண்டில் சில மாத வேலை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. பிறகு கோப்பி மெல்ல மெல்ல அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, பூனாகலைக்கு அயலில் உள்ள தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அதற்குள் மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன.

தேயிலையோ ஒரு பருவத்தில் அடங்கும் பயிர் அல்ல. எடுத்த தூர் ஏழெட்டு நாளில் மறுபடி துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஊர் திரும்பக் காலம் இல்லை. குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். பெண்கள் கூடை சுமந்தார்கள். ‘பிக்’ போய்ப் ‘பிளக்’ வந்ததோடு, வந்து போகிறவர்கள் வாழ்கிறவர்கள் ஆனார்கள்.

கேள்வி: ஆங்கிலத்தைப் போல் இந்த வேலைக்குத் தமிழில் ஒத்த சொற்கள் உண்டா?
– வாசகர், பசறை

பதில்: தாராளமாக உண்டு. ஆனால் ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்று நிற்காது. எந்தச் சொல் வரவேண்டும் என்பதைச் செடியும் கையும்தான் தீர்மானிக்கின்றன. வெற்றிலையைக் கிள்ளுகிறோம், அதில் நகம் படுகிறது. முருங்கைக் கீரையை உருவுகிறோம். காம்பின் நீளத்துக்கு விரல் ஓடுகிறது. நிலக்கடலையைப் பிடுங்குகிறோம், வேரோடு வருகிறது. யாழ்ப்பாணத்தில் பூவையும் மாங்காயையும் ‘ஆய்வார்கள்’.

‘கொய்’ என்பது பழைய சொல். குறிஞ்சி நிலத்தில் தினைக் கதிரைக் கொய்தார்கள். சேலையை மடித்துச் செருகும் கொசுவத்தின் பழைய பெயர் கொய்சகம். அதுவும் இதே ‘கொய்’தான். ஆங்கிலத்திலும் ‘கேதர்’ என்ற சொல் பூச் சேர்ப்பதையும் துணியில் சுருக்கம் வைப்பதையும் ஒருங்கே குறிக்கிறது. உறவே இல்லாத இரு மொழிகள் ஒரே கையைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

தோட்டத்தில் ‘கொழுந்து பறிக்கிறது’ என்றும் ‘கொழுந்து எடுக்கிறது’ என்றும் சொல்கிறோம். தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கரிசல் காட்டில் ‘பருத்தி எடுக்க’ என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் மக்கள் இங்கே வந்தார்கள். ஆகவே பருத்திக்குச் சொன்ன சொல்லையே தேயிலைக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். துரை எழுதிய கணக்கில் ‘பிளக்கிங்’ இருந்தது. எடுத்தவர்களின் வாயில் அவர்கள் ஊர்ச் சொல் இருந்தது. பிள்ளைகள் ஆங்கில அகராதி பார்ப்பது நல்லது. அதே கொப்பியில் அம்மா, அம்மாயி சொல்லும் மலைச் சொற்களையும் எழுதி வைக்க வேண்டும். அவற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

கேள்வி: பூவைப் பறிப்பதும் பறிப்பு, வழியில் நகையைப் பறிப்பதும் பறிப்பு. இரண்டும் ஒரே சொல்லா?
– வாசகி, கொஸ்லாந்தை

பதில்: ஒரே சொல்தான். ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுப்பது ‘பறி’. செடியிடமிருந்து எடுத்தால் அது உழைப்பு. மனிதரிடமிருந்து எடுத்தால் அது கொள்ளை. வழிப்பறி, பறிபோதல், பறிகொடுத்தல் எல்லாம் இந்த இரண்டாவது பக்கத்துச் சொற்கள்.

மலையகத்தில் இந்தப் பொருளை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். வாக்குரிமையும் உடன் போயிற்று. அதற்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘பிரஜாவுரிமைப் பறிப்பு’. நாளெல்லாம் கொழுந்து பறித்த கைகளுக்கு நடந்ததைச் சொல்ல வாயில் வந்ததும் அதே சொல்தான்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சப்பட்டவர்களுக்கும் வழி பிறக்க 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. பறித்த தேயிலைத் தூர் ஏழெட்டு நாளில் துளிர்த்துவிடுகிறது. பறித்த குடியுரிமை முழுதாகத் துளிர்க்க 55 ஆண்டுகள் பிடித்தன.