இ-சிகரெட்: வெறும் ஆவிதானா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் இ-சிகரெட் பிடிக்கிறான். கேட்டால், "வெறும் ஆவிதாம்மா" என்கிறான். ஆபத்தில்லையா டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெறும் ஆவி இல்லை அம்மா. ரசாயனத் திரவத்தைச் சூடாக்கி, நுண்துளிகளாக நுரையீரலுக்குள் இழுக்கிறார் உங்கள் மகன். 2019-ல் அமெரிக்காவில் இதனால் கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவலாக ஏற்பட்டது. 2020 பிப்ரவரி வரை பதிவானவர்கள் 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் கஞ்சாவின் போதைச்சத்தான டி.ஹெச்.சி. கலந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில், 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. தோலில் பூசும் கிரீம்களில் சேர்க்கும் எண்ணெய் அது, மூச்சுக்குழாய்க்கானது அல்ல.

இந்தப் பாதிப்பு வந்தால் இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலியுடன் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கும் வரலாம். அதனால் பலர் ஃப்ளூ என்று நினைத்து நாள் கடத்திவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெண்மூட்டம் படர்ந்திருக்கும்.

இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. முதல் சிகிச்சை, இ-சிகரெட்டை அடியோடு நிறுத்துவது. பிறகு ஆக்சிஜன், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, நோய்த்தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை ஆன்டிபயாடிக். நிலைமை முற்றினால் வென்டிலேட்டர். பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆனால் மறுபடி தொட்டால் பாதிப்பு திரும்பலாம்.

மகனைத் திட்டாதீர்கள். இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போய், இ-சிகரெட் பிடித்ததை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவர் உயிரைக் காப்பாற்றலாம்.