ஊர் நினைவில் பென்னிகுவிக்

ஓர் ஊர் என்பது தெருக்களும் கட்டடங்களும் மட்டுமன்று. அங்கு வாழ்வோர் சேர்ந்து போற்றும் நினைவுகளும் அவ்வூரின் ஒரு பகுதியே ஆகும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தேனியின் பேருந்து நிலையமே கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பியதே முல்லைப் பெரியாறு திட்டம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் நிறைவுற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து எழுப்பிய அந்த அணையின் நீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகின்றது.

பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. அந்நாளில் பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் வைக்கின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவோரும் உண்டு. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது 2013இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நம் வீட்டுச் சுவர்களில் அவர் படம் தொங்கியது.

வெள்ளத்தில் வேலை அடித்துச் செல்லப்பட்டதும், அவர் மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது இங்கு யாவரும் சொல்லும் கதை. ஆனால் இதற்கு ஆவணச் சான்று இல்லை. அணை அரசுப் பணத்தில், பொதுப்பணித் துறையால் கட்டப்பட்டது. அறிவியல் மாணவன் என்ற மிடுக்கில் இதை என் அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர்.

“ஏய்யா, நகைய விக்காம இந்த ஊர்ல எந்தக் காரியம் நடந்திருக்கு? ஒன்னயக் காலேசுல சேத்தது ஒங்காத்தா கம்மல அடகு வச்சுத்தான?” என்றார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அக்கதை ஏன் அந்த வடிவம் பெற்றது என்பது அன்றுதான் விளங்கிற்று. நம் மக்கள் தாம் அறிந்த தியாகத்தையே துரைக்கும் அணிவித்துப் பார்த்திருக்கின்றனர். ஆவணம் நடந்ததைச் சொல்கின்றது. நினைவோ மக்கள் எதை மதித்தனர் என்பதைச் சொல்கின்றது.

எனினும் நினைவுக்கும் குறை உண்டு. அணை வேலையில் காய்ச்சலாலும் நோயாலும் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் பெயரில் பொங்கல் இல்லை; பேருந்து நிலையமும் இல்லை. மேலும், நமக்கு நன்றியாகிய அதே அணை, அதன் கீழே கேரளத்தில் வாழ்வோருக்கு அச்சமாக இருக்கின்றது. பாதுகாப்புக் கருதி 1979க்குப் பின் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்தது. அணை ஒன்று, நினைவுகள் இரண்டு. நம் நினைவை மட்டும் அறிந்தவன் பாதி வரலாற்றையே அறிந்தவனாவான்.

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுமுறையில் வீடு செல்லும்போது முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்னர் நூலகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மாறுபடும் இடத்தில் நம் ஊரை நாம் மேலும் அறியலாம்.