இருநூறு பஸ்கி போட்டும் எகிறல் ஏறவில்லையே?

கேள்வி: வயது 19, உயரம் 170 செ.மீ. ஊர் வாலிபால் டீமில் ஸ்மாஷ் அடிக்கிறேன். ஆடித்தபசு முடிந்ததிலிருந்து தினமும் 200 பஸ்கி போட்டு, மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுகிறேன். தொடை இறுகிவிட்டது, எகிறல் மட்டும் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. "ஜிம்மி ஜார்ஜ் அந்தரத்துலயே நிப்பாருடா" என்கிறார் பெரியப்பா. அதற்கு என்ன பயிற்சி?
– ஒரு வாசகர், இளையரசனேந்தல்

பதில்: தம்பி, பெரியப்பா பொய் சொல்லவில்லை, அவர் கண் அவரை ஏமாற்றியிருக்கிறது. கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர்க்காரர் ஜிம்மி ஜார்ஜ், இத்தாலி கிளப்புகளில் ஆடியவர், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற நம் அணியில் இருந்தவர். ஆனால் அந்தரத்தில் யாராலும் நிற்க முடியாது. அரை மீட்டர் எகிறினால் 0.64 நொடி, ஒரு மீட்டர் எகிறினால் 0.9 நொடி, அவ்வளவுதான் காற்றில் இருக்கலாம். அதில் சரிபாதி நேரத்தை உடம்பு உச்சியை ஒட்டிய கால் பங்கு உயரத்திலேயே கழிக்கிறது. நிற்பதுபோலத் தெரிவது அதுதான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 170 செ.மீ. உயரக்காரர் கையைத் தூக்கினால் சுமார் 2.20 மீட்டர் எட்டும். ஆண்கள் நெட் 2.43. பந்தை நெட்டுக்கு மேல் வைத்து அடிக்க விரல் நுனி 2.70க்காவது போக வேண்டும். ஆக, அரை மீட்டர் எகிறல் கட்டாயம். இன்றே விரலில் சுண்ணாம்பு தொட்டு, நின்றபடி ஒரு கோடு, எகிறி ஒரு கோடு, பள்ளிக்கூடச் சுவரில் போடுங்கள் (தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு). கோடு இல்லாமல் பயிற்சி செய்தால் வளர்ந்தோமா என்றே தெரியாது.

இருநூறு பஸ்கி உங்களுக்குக் கொடுத்தது தாக்குப்பிடிக்கும் சக்தி. ஐந்தாவது செட்டில் கால் துவளாது, நல்லதுதான். எகிறலுக்கு வேண்டியது வேறு. ஸ்மாஷுக்கு ஓடிவந்து கால் ஊன்றி, தரையை விட்டுக் கிளம்பக் கிடைப்பது ஏறக்குறைய 0.3 நொடி. தசை தன் முழு பலத்தையும் காட்ட அதைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். எனவே பலம் இருந்தால் மட்டும் போதாது, அது சட்டென வெளிவர வேண்டும். பலமும் வேகமும் பெருகி வருவதைத்தான் வெடிப்புத் திறன் என்கிறோம். சாவகாசமாகப் போடும் பஸ்கியில் வேகத்துக்கு வேலையே இல்லை.

முதலில் பலம். வாரத்தில் இரண்டு நாள், மணல் மூட்டையைத் தோளில் வைத்து ஆறு முதல் எட்டு பஸ்கி, நான்கு தடவை. எட்டாவதில் திணற வேண்டும். திணறாவிட்டால் மணலைக் கூட்டுங்கள். பின்காலைத் திண்ணையில் வைத்து ஒற்றைக்கால் பஸ்கி, படிக்கட்டு விளிம்பில் குதிகால் உயர்த்துவது, இவையும் வேண்டும். தொடையை மட்டும் வளர்த்து, பிட்டத்தையும் கெண்டைக்காலையும் மறந்த பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆறேழு வாரம் கழித்து எகிறல் பயிற்சி. ஒருநாளைக்கு 30, 40 போதும். ஐந்து எகிறலுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் உட்காருங்கள். சோம்பேறித்தனம் இல்லை, களைத்த கால் மெதுவாகத்தான் எகிறும், மெதுவாக எகிறவே பழகிக்கொள்ளும். உயரத்திலிருந்து குதித்து, தரை தொட்டதுமே எகிறும் முறையை 1960களில் சோவியத் பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி பிரபலமாக்கினார். அது பலம் ஏறியவர்களுக்கு, உங்களுக்கு அடுத்த வருஷம்.

ஒரு சோதனை. முட்டி மடக்கி, மூன்று எண்ணி எகிறுங்கள். பிறகு முட்டி மடக்கியதுமே எகிறுங்கள். இரண்டாவதில்தான் கோடு மேலே விழும். இழுபட்ட தசையும் நாரும் உடனே சுண்டினால்தான் லாபம். கையை வீசி எகிறினால் இன்னும் ஏறும்.

கரிசல் தரை கோடையில் பாளம் விட்டுக் கல்லாகிவிடும். அதில் இந்தப் பயிற்சி வேண்டாம். மணல் பரப்பிய இடமாகப் பாருங்கள்.

கேள்வி: +1 படிக்கும் என் மகள் வாலிபால் ஆடுகிறாள். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்கள். இப்போது முட்டிச்சில்லுக்குக் கீழே வலி வேறு.
– ஒரு தாயார், கழுகுமலை

பதில்: நிற்காதம்மா. சரியான முறையில், சொல்லித்தர ஆள் வைத்துக்கொண்டு செய்தால் கால் பலப்படும், காயமும் குறையும். அந்த வலி, அடிக்கடி எகிறி இறங்குகிறவர்களுக்கு முட்டி நாரில் வருவது. எகிறுவதைச் சில வாரம் குறைத்து, மெதுவான பஸ்கியைத் தொடரலாம். இறங்கும்போது பாதம் 'தொம்'மென்று சத்தம் போடுகிறதா என்று கவனியுங்கள். முட்டி மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக வேண்டும். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கு ஊசி போட்டுவிட்டு டோர்னமென்ட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.