நடந்து திரட்டும் நன்கொடை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடைகள் மறுபடி திறந்த வேளையில், நம் சங்கத்து வாலிபர் ஒருவர் நமக்குப் பழக்கமான ஒரு முதலாளியின் கடைக்கு வந்தார். நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். ஸலாம் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து நீட்டினார். சிறுநீரக நோயாளிகளுக்காக ஞாயிறு காலை பத்துக் கிலோமீட்டர் நடக்கப் போவதாகவும், மாமா அவர்கள் இயன்றதைத் தந்து ஆதரிக்க வேண்டும் என்றும் கேட்டார்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "ஏன் தம்பி, நீ நடந்தால் நோயாளிக்கு என்ன வந்தது? அவருக்குப் பணம் வேண்டும். சரி, நான் நேரே அவருக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன். நடுவில் நீ எதற்குக் கால் வலிக்க நடக்க வேண்டும்?" என்றார். வாலிபர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. முதலாளி இருபது வெள்ளி கொடுத்தனுப்பினார். ஆனால் அவர் கேட்ட கேள்வி கடையிலேயே நின்றுவிட்டது.

வாசகச் சகோதரர்களே, அது நியாயமான கேள்விதான். சரக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழியில் எங்கெங்கே செலவு விழுகிறது என்று பார்ப்பது வியாபாரியின் இயல்பு. ஒரு தர்ம நடைக்குச் சட்டை அச்சிட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், முதலுதவி ஆட்களை நிறுத்த வேண்டும், பாதைக்கு அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் மிச்சம் நோயாளிக்குப் போகிறது. நேரே கொடுத்தால் இந்தச் செலவு இல்லை. அப்படியிருக்க, உலகெங்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் ஏன் நடக்கிறார்கள், ஏன் ஓடுகிறார்கள்? கொடுப்பவர்களும் ஏன் நடப்பவருக்கென்று கூடுதலாகக் கொடுக்கிறார்கள்?

முதலில் நம் ஊர்ச் சம்பவம் ஒன்றைச் சொல்வோம். 1954-ம் ஆண்டு ஏப்ரலில், சிங்கப்பூர்ச் சீன சமூகத்தார் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தனர். ரப்பர் வர்த்தகர் டான் லார்க் சை முந்தைய ஆண்டே ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்துவிட்டார். அத்தகைய தொகைக்கு முன்னே ஏழை என்ன செய்வான்? திரிஷா ஓட்டிகள் 1,500 பேருக்கு மேல் ஒரு நாள் முழுவதும் வண்டி மிதித்து, அன்றைய கூலி முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார்கள். பணம் இல்லாதவனிடத்திலும் கால் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது. லட்சாதிபதியின் பெயர் நின்ற அதே பட்டியலில் மிதிவண்டிக்காரனும் நின்றான்.

அந்த ஓட்டிகளின் உழைப்பால் பிரயாணி வீடு போய்ச் சேர்ந்தான், அதற்குக் கூலி வந்தது. வெறுமே நடப்பவரால் யார் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று முதலாளி திருப்பிக் கேட்பார். கேட்கட்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1953-ல், போர்ட்டோ ரிக்கோ தீவில் ரமோன் ரிவேரோ என்ற ஹாஸ்ய நடிகர் புற்றுநோய்ச் சங்கத்துக்காக சான் ஹுவான் நகரிலிருந்து போன்ஸே நகர் வரை சுமார் 80 மைல் நடந்தார். அவர் முதுகில் ஒரு மூட்டைகூட இல்லை. ஆனாலும் வழியெங்கும் ஜனங்கள் காசைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெறும் நடைக்கே காசு விழுந்திருக்கிறது; ஏன் விழுந்தது என்பதுதான் பாடம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒலிவோலா, ஷஃபிர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2013-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே தர்ம காரியத்துக்கு இரண்டு விதமாகப் பணம் திரட்டுவதாக வைத்து ஜனங்களிடம் கேட்டார்கள். ஒன்று, உட்கார்ந்து சாப்பிட்டு மகிழும் பிக்னிக். மற்றொன்று, உடல் நோக ஓடும் நெடுந்தூர ஓட்டம். சுகமான வழியில் அதிகப் பணம் சேரும் என்றுதானே நாம் நினைப்போம்? கஷ்டப்பட வேண்டிய வழிக்கே ஜனங்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். அதிலும் ஒரு நுட்பம் கண்டார்கள். மனிதத் துன்பத்தைப் போக்கும் காரியமானால் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. பூங்கா அமைப்பது போன்ற சந்தோஷ காரியமானால் குறைந்துவிட்டது. அதாவது, ஒருவர் வேதனையில் கிடக்கும்போது அவருக்காக விருந்து சாப்பிடுவது மனத்துக்கு ஒட்டவில்லை. நமக்கும் கொஞ்சம் வலித்தால்தான் கணக்குச் சரியாகிறது என்று உள்ளம் நினைக்கிறது. பசித்தவனுக்குக் கொடுப்பது நோன்பு காலத்தில் ஏன் இயல்பாக வருகிறது என்று நம்மவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் டெரி ஃபாக்ஸ் என்ற கனடா தேசத்து இளைஞரின் சரித்திரத்தை நம் வாலிபர்கள் மட்டுமல்ல, நம் வர்த்தகர்களும் படிக்க வேண்டும். 1977-ம் ஆண்டு எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. சிகிச்சைக் காலத்தில் தம்மைச் சுற்றிலும் கண்ட நோயாளிகளை அவரால் மறக்க முடியவில்லை. 1980-ம் ஆண்டு ஏப்ரல் 12-ம் தேதி, செயற்கைக் காலோடு, கனடாவின் கிழக்குக் கரையில் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். முதல் வாரங்களில் காற்றும் மழையும் பனியும்தான் அவருக்குக் கிடைத்த வரவேற்பு. பல ஊர்களில் அவர் யாரென்றே தெரியவில்லை. போர்ட் ஒ பாஸ்க் என்ற சிற்றூருக்கு வந்தபோது சங்கதி மாறியது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர்! கனடா முழுவதும் இப்படியே கொடுத்தால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலர் வருமே என்று அவர் கணக்குப் போட்டார். அதன்பின் அதுவே அவர் கேட்ட தொகை.

அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஃபோர் ஸீஸன்ஸ் ஹோட்டல் முதலாளி இஸடோர் ஷார்ப் முக்கியமானவர். மைலுக்கு இரண்டு டாலர் தருவதாகச் சொல்லி, மற்றக் கம்பெனிகளையும் அவ்வாறே தரும்படி தூண்டினார். விளம்பரத்துக்காகச் செய்தார் என்று நினைத்துவிட வேண்டாம். 1978-ல் அவருடைய மகன் புற்றுநோயால் இறந்திருந்தார். டெரியோ, தம் சரக்கைப் புகழ்ந்து பேசினால்தான் பணம் தருவோம் என்று வந்த கம்பெனிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த பணத்தையும் வேண்டாமென்று சொல்லும் துணிவு, பணம் திரட்டுகிற எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் தேதி, தண்டர் பே என்ற ஊருக்கு அருகில், நுரையீரலுக்கு நோய் பரவிவிட்டதால் ஓட்டம் நின்றது. மேற்குக் கரையை அவர் அடையவே இல்லை. இங்கேதான் நம் முதலாளியின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. மைலுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் வியாபார ஒப்பந்தமாக இருந்திருந்தால், சரக்கு முழுவதும் வந்து சேராதபோது பணமும் நின்றிருக்க வேண்டும். நடந்ததோ நேர் எதிர். ஓட்டம் நின்றபிறகு பணம் பன்மடங்காகப் பெருகியது. 1981-ம் ஆண்டு பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, தலைக்கு ஒரு டாலர் என்ற எண்ணம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் மாதம், இருபத்திரண்டு வயதில், அவர் இறந்தார். செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டனர். ஜனங்கள் கிலோமீட்டருக்கு விலை கொடுக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

வலி ஒரு காரணம் என்றால், கூட்டு இன்னொரு காரணம். 1985-ம் ஆண்டு அமெரிக்காவில் டகோமா நகரத்து மருத்துவர் கோர்டி கிளாட் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஒரு மைதானத்தை 24 மணி நேரம் சுற்றி வந்தார். அவரோடு அரைமணி நேரம் நடக்கவோ ஓடவோ நண்பர்கள் 25 டாலர் கொடுத்தார்கள். கவனியுங்கள், அவர் நடப்பதற்கன்று, தாங்களும் கூட நடப்பதற்கு!

கொடுப்பவர் மனம் வேலை செய்யும் விதத்தை வசூல் புத்தகம் தூக்கிய நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். முதல் வரியில் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் அவர்கள் சாமர்த்தியமே இருந்தது. முதல் கை நூறு எழுதினால் அடுத்த கை பத்து எழுதக் கூசும். லண்டன் மாரத்தானில் ஓடுவோருக்காக வந்த நன்கொடைகளை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்களும் இதையே கண்டார்கள். முன்னே கொடுத்தவர்களின் சராசரி பத்துப் பவுன் உயர்ந்தால், பின்னே வருபவர் ஏறக்குறைய இரண்டரைப் பவுன் கூட்டிக் கொடுக்கிறாராம். வசூல் புத்தகம் கைப்பேசிக்குள் போய்விட்டது. முதல் வரியின் பலம் போகவில்லை. ஆகவே நம் முதலாளி கொடுத்த இருபது வெள்ளி, இருபது வெள்ளியோடு நின்றிருக்காது.

இவ்விடத்தில் சிலர் முகஸ்துதியைப் பற்றிக் கேட்பார்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பதன்றோ சிறப்பு? ஆம். மறைத்துக் கொடுப்பது மேலானது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்றுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நடப்பவர் தம் சொந்தப் பணத்தை ஊரறியக் கொடுக்கவில்லை. ஊராரைக் கொடுக்கும்படி கேட்கிறார். ஒளிந்துகொண்டு கேட்க முடியாது. ஆனால் நடந்ததைவிடப் படம் எடுத்துக்கொண்டதே அதிகம் என்று சிலரைப் பார்க்கும்போது நமக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கேட்பது என்றதும் அந்த வாலிபர் நினைவுக்கு வருகிறார். பிறகு ஒரு நாள் நாமே அவரிடம், "தம்பி, அன்று மாமா கேட்டபோது ஏன் பேசாமல் நின்றீர்?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கிச் சொன்னார். அவருடைய வாப்பா இரண்டு ஆண்டுகளாக டயாலிஸிஸ் செய்துகொள்கிறார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். தம் குடும்பத்துக்கு யாரிடமும் எதுவும் தேவையில்லை. பக்கத்து நாற்காலியில் வந்து அமர்பவர்களில் சிலர் படும் பாட்டைத்தான் பார்க்க முடியவில்லை. "வாப்பா பெயரைச் சொல்லிக் கடை கடையாய்க் கையேந்தினால் வாப்பாவுக்கு மானக்கேடு. நான் நடக்கிறேன், ஆதரவு கொடுங்கள் என்றால் அது கையேந்துதல் ஆகாது பாருங்கள்" என்றார்.

கொடுக்கும் கையே மேலான கை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்பதற்கு நம் நா எழும்பாது. பெற்றவர் நோயாளியாய்க் கிடக்கும்போதும் எழும்பாது. பிறர் பொருட்டுக் கேட்கவும் ஒரு முகாந்தரம் வேண்டியிருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் நடையை முன்னால் வைத்தால் கேட்பவர் வெறுங்கையோடு வரவில்லை. தம் பங்கை முதலில் கொடுத்துவிட்டு வருகிறார். இங்கிலாந்தில் புற்றுநோய் நிதிக்காக ஓடும் பெண்கள் தாம் இழந்தவரின் பெயரை எழுதி முதுகில் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வாயால் சொல்ல முடியாததை முதுகு சொல்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வர்த்தகர்களுக்கு எழுதியதாகாது. 2020-ம் ஆண்டு, இங்கிலாந்தில் 99 வயதான கேப்டன் டாம் மூர், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுத் தோட்டத்தை நூறு தடவை நடந்து கடந்தார். கேட்டது ஆயிரம் பவுன். வந்தது மூன்று கோடி பவுனுக்கு மேல். அந்தப் பணம் மருத்துவத் தர்ம நிதிக்கு நேரே போய்ச் சேர்ந்தது, அதில் குறையில்லை. ஆனால் அவர் பெயரால் குடும்பத்தார் தனியே அமைத்த அறக்கட்டளையைப் பற்றி விசாரித்த அரசு ஆணையம், குடும்பத்தாருக்குச் சொந்த ஆதாயம் கிடைத்திருக்கிறது என்று 2024-ம் ஆண்டு நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. நடந்த கால் தூய்மையானது என்பதால் பின்னால் வரும் கணக்கும் தூய்மையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சிங்கப்பூர் விதிப்படி, ஒரு தர்ம ஸ்தாபனம் ஓர் ஆண்டில் நிதி திரட்டுவதற்குச் செய்யும் மொத்தச் செலவு, அவ்வாறு திரட்டிய மொத்த வரவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடைக்கு வரும் வாலிபரிடம் பணம் எந்த ஸ்தாபனத்துக்குப் போகிறது, அந்த ஸ்தாபனம் பதிவு பெற்றதா, நடை முடிந்தபின் வரவு செலவை வெளியிடுவார்களா என்று கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள், தக்க பதில் உள்ளவர் கோபிக்க மாட்டார். நீ ஏன் நடக்கிறாய் என்றும் கேட்கலாம். ஆனால் அதற்கு உடனே பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

வாலிபர் சொன்னதை, அவருடைய அனுமதி பெற்று, முதலாளியிடம் தெரிவித்தோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த ஆண்டு நடையில் எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரித்தார். இருநூறு பேர் வரலாம் என்றோம். முழங்கால் வலியால் தம்மால் நடக்க முடியாது, ஆனால் தண்ணீர் மேஜைக்குத் தாமே வந்து நிற்பதாகச் சொன்னார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, தண்ணீர்ப் பெட்டிக்கு அடக்க விலை என்ன என்று பார்க்கச் சொன்னார்.