வீட்டருகே கதண்டும் குளவியும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை



சென்ற மாதம் நமது மையவாடியில் ஒரு ஜனாஸா அடக்கத்தின்போது நடந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கபுர் தோண்டிய இடத்துக்கு அருகே இருந்த பனைமரத்தில் கதண்டுக் கூடு இருந்தது. சிறுவன் ஒருவன் கல்லெறிந்தான். கூட்டம் சிதறி ஓடியது. மண்வெட்டியோடு நின்ற சகோதரருக்குத் தலையிலும் முதுகிலும் இருபதுக்கு மேல் கொட்டு. வீட்டில் சுண்ணாம்பு தடவிப் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போன பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நான்கு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நடமாடுகிறார்.

இதில் எங்கள் மீதும் தவறு உண்டு. அந்தக் கூட்டை நாங்கள் இரண்டு வாரம் முன்பே பார்த்திருந்தோம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். அதனால்தான் இந்த இதழில் இந்தப் பாடம்.

முதலில், எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சன்ஷேடின் அடியிலும் சுவர் மூலையிலும் மண்ணால் கூடு கட்டுவது மண்குளவி. அது தனியாக வாழ்வது. கையில் பிடித்து நசுக்கினாலொழிய பெரும்பாலும் கொட்டாது. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் வைத்து, அதன் மேல் முட்டையிட்டு அடைத்துவிடும். உள்ளே பொரிக்கும் குளவிக் குஞ்சு அதைத் தின்று வளரும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அதைத் தொடாமல் வைத்திருக்கும் வீடுகள் நம்மிலும் உண்டு. அதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை. காய்ந்த கூட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

இரண்டாவது, ஜன்னல் மேலும் வென்டிலேட்டரிலும் சிறு கூடு தொங்கவிடும் காகிதக் குளவி. அறைகள் வெளியே தெரியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்தது இந்த வகையில் ஒன்றைத்தான். ஒரே ஒரு குளவி நான்கைந்து அறைகளோடு தொடங்கும்போதே நீண்ட கம்பால் தட்டிவிட்டால் பெரும்பாலும் வேறிடம் போய்விடும். பல குளவிகள் சேர்ந்துவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

மூன்றாவதுதான் கதண்டு. கறுப்பு உடல், வயிற்றின் குறுக்கே மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை. மரத்தை மென்று கூழாக்கி, பானை போலவோ பெரிய பந்து போலவோ மூடிய கூடு கட்டும். தேனீ ஒருமுறை கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலில் தங்கிவிடும். கதண்டு அப்படியல்ல, ஒன்றே பலமுறை கொட்டும். ஒன்று கொட்டியதும் அதன் விஷத்தின் வாசனை மற்றவற்றை அழைத்துவிடும். கதண்டுக் கூடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வீட்டார் கை வைக்கக் கூடாது.

நம் வீடுகளுக்கென்று சில செய்திகள். கதண்டு மிகுந்த மலைப்பகுதிக்குப் போகிறவர்களிடம் ஜப்பானில் கறுப்பு உடையும் வாசனைத் திரவியமும் வேண்டாம் என்பார்கள். நம் பெண்கள் கறுப்பு புர்கா அணிகிறார்கள், ஆண்கள் அத்தர் பூசாமல் ஜும்ஆவுக்குப் போவதில்லை. இரண்டையும் விடச் சொல்லவில்லை. கூடு இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போங்கள் என்கிறோம். கதண்டு இறைச்சிக்கும் மீனுக்கும் வரும். குர்பானி நாட்களில் கழிவைத் திறந்தவெளியில் கொட்டாமல் புதைத்துவிடுங்கள்.

நெருப்பு வைக்கலாமா என்பதே எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பயணத்தில் எறும்புப் புற்று ஒன்று கொளுத்தப்பட்டதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. மனிதர்களுக்குத் தீங்கு செய்யும் உயிரை அகற்றத் தடையில்லை; வேறு வழி இருக்கும்போது நெருப்பை நாட வேண்டாம் என்று நமது இமாம் விளக்கினார். மார்க்கம் ஒருபுறமிருக்க, பெட்ரோல் நனைத்த துணியைக் கம்பில் கட்டித் தென்னையில் ஏறுவதும் கூரைக்கு அருகே தீப்பந்தம் காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையிடம் சொல்லுங்கள். பாதுகாப்பு உடை அணிந்து, பெரும்பாலும் இருட்டிய பிறகு வந்து அகற்றுவார்கள். அவர்கள் வரும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதும் பட்டாசு வெடிப்பதும் கூடவே கூடாது.

கலைந்துவிட்டால் கையை வீசாதீர்கள். துண்டாலோ துப்பட்டாவாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்ளுங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது வேறு ஆபத்து.

கொட்டிய இடம் வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். சோப்பால் கழுவி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. இது ஒரே கொட்டிலும் வரலாம்; அட்ரினலின் ஊசி சில நிமிடங்களுக்குள் உயிர் காக்கும். வாய், தொண்டைக்குள் கொட்டினாலும் அப்படியே.

பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், குழந்தையானால் அதற்குக் குறைவாக இருந்தாலும், வலி தணிந்துவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். விஷம் தசையையும் இரத்த அணுக்களையும் சிதைக்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது தெரிய ஓரிரு நாள் ஆகும். சிறுநீர் குறைந்தாலோ நிறம் கறுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நமது சகோதரர் விஷயத்தில் தவறிப் போனது இந்த மூன்று நாட்கள்தான்.

மையவாடியின் பனைமரக் கூடு அகற்றப்பட்டுவிட்டது. வடக்குச் சுவரோரம் வேம்பில் இன்னொன்று இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் சொல்லியிருக்கிறோம். அது எடுக்கப்படும்வரை ஸியாரத்துக்கு வருபவர்கள் கிழக்கு வாசலை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் தெருவில் கூடு பார்த்தால் டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்குப் பின் வந்து சொல்லுங்கள். இம்முறை அன்றைக்கே அழைத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.