பயிர்க் காவலுக்குப் பழைய துப்பாக்கி: விலை பேசுமுன் செய்யத்தக்க பரீட்சைகள்

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் காப்புக்காடுகளை அடுத்த கிராமங்களில், வேர்க்கடலை முற்றும் தருணத்திலும் நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்திலும் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கிப் பயிரைப் புரட்டிவிடுவதைக் குடியானவர்கள் நன்கறிவர். பரணில் இருந்து தகரம் தட்டிக் காவல் காக்க முன்பு ஆள் கிடைத்தது. இப்பொழுது இளைஞர் பலர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு இரவு முறை வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே, குழல்வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கிவிடலாமா என்று சிலர் வினவுகின்றனர். அவ்விதம் வாங்க எண்ணுவோருக்கு உபயோகமாகும்பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியானவர் தாம் வாங்கவிருந்த துப்பாக்கியைப் பார்க்க என்னை அழைத்துச் சென்றார். கட்டைக்குப் புதிதாக வார்னீஷ் பூசியிருந்தது. குழல் கண்ணாடிபோல் மின்னியது. "சத்தத்துக்குத்தானே ஐயா, இது போதாதா?" என்றார் அவர். கெட்டிக்கும் கோலைக் குழலுள் விட்டு அளந்தோம். அடிவரை செல்லவேண்டிய கோல் நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டது. சொந்தக்காரருடைய தகப்பனார் காலத்தில் கெட்டித்த மருந்து உள்ளேயே கிடந்தது! அந்தத் துப்பாக்கி அதுவரை அவ்வீட்டுப் பிள்ளைகள் கைக்கெட்டும் மூலையில் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. மினுக்கைக் கண்டு மயங்கலாகாது என்பதை அன்று அக்குடியானவர் உணர்ந்தார்.

1. முதலில் காகிதம், பிறகு இரும்பு

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடந்தருகிறது. உரிமம் கையில் வருமுன் துப்பாக்கியை வீட்டிற்குக் கொண்டுவருதல் குற்றமாகும். சொந்தக்காரருடைய இல்லத்தில், அவர் முன்னிலையில், அவருடைய உரிமத்தையும் உடன் வைத்துக்கொண்டே பரீட்சிக்க வேண்டும். விற்பவர் வாங்குபவரின் பெயர், விலாசத்தை மாவட்ட நீதிபதிக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்றலாம். குழலில் பொறித்த எண்ணும் உரிமத்தில் கண்ட எண்ணும் ஒத்திருத்தல் அவசியம். எண்ணோ அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் எண்ணை அழிப்பதையும் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியின்றிக் குழலை அறுத்துக் குறுக்குவதை 6-ஆம் பிரிவு தடுக்கிறது. எண் அரம் போட்டு அழிக்கப்பட்டிருந்தாலும், குழல்வாய் அறுக்கப்பட்டிருந்தாலும் மேற்கொண்டு பேச்சு வேண்டுவதில்லை.

2. கெட்டித்திருக்கிறதா?

ஒவ்வொரு பழைய துப்பாக்கியும் கெட்டித்திருப்பதாகவே முதலில் கருதவேண்டும். கேப்பு இருப்பின் சொந்தக்காரரைக் கொண்டு எடுத்துவிடச் செய்து, குழல்வாயை மனிதர் இல்லாத திசையில் திருப்புக. கைகளைக் குழல்வாய்க்கு நேரே நீட்டாமல் பக்கவாட்டில் வைத்துக் கோலை மெதுவாக உள்ளே விட்டு, குழல்வாய் மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின்மேல் கிடத்திப் பாருங்கள். கோலின் நுனி ஏறக்குறையக் கேப்பு முளையின் அருகு வரை எட்டவேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் மருந்தோ வேறு அடைப்போ உண்டு. அதைத் தாமே குடைந்து எடுக்க முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் விடுக. கரிமருந்து பல்லாண்டு கழிந்தும் உலர்ந்திருந்தால் தீப்பற்றும்.

3. குழல்

துப்பாக்கியின் உயிர் குழலின் பின்பாகத்தில் இருக்கிறது. மருந்து எரியும்போது அழுத்தம் மிகுவது அவ்விடத்திலேயே. கரிமருந்து எரிந்து எஞ்சும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்குவன. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால், கழுவாமல் வைத்த குழல் விரைவில் அரிக்கப்படும்.

மருந்து இல்லை என்று நிச்சயமான பின், சிறு டார்ச்சு விளக்கைக் குழலுள் இறக்கிப் பாருங்கள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் நீங்கும் செந்துரு பெரிதன்று. துடைத்தும் நீங்காத கரும்பள்ளங்கள் பின்பாகத்தில் இருந்தால் இரும்பின் கனம் குறைந்துவிட்டது என்று பொருள். கோலில் சுற்றிய துணி ஓரிடத்தில் மாட்டிக் கிழியுமாயின் அதுவும் அரிப்புக்கு அறிகுறி. உட்புறத்தில் மோதிரம்போல் நிழல் தென்பட்டால், முன்னொரு காலத்தில் அடைப்போடு சுட்டுக் குழல் வீங்கியிருக்கும். வெளிப்புறத்தை விரலால் நெடுகத் தடவினால் அவ்வீக்கம் புலப்படும்.

பட்டறைக்காரர் குழலைக் கட்டையினின்றும் கழற்றிய பின், கேப்பு முளையின் துளையை மரக்குச்சியால் அடைத்து, குழல் நிறைய வெந்நீர் ஊற்றிக் கால்மணி நேரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்புறத் திருகின் பொருத்தில் நீர் கசிந்தால் வெடிப்புகையும் அவ்வழியே சுடுபவர் முகத்தை நோக்கி வரும். பரீட்சை முடிந்ததும் உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும். பற்றவைத்த குழல் எதையும் ஏற்கலாகாது.

4. முளையும் குதிரையும்

கேப்பு முளையின் மரை தேய்ந்திருந்தால் அது வெடியின்போது பிடுங்கிக்கொண்டு கண்ணில் பாயக்கூடும். சத்தத்துக்கு மட்டும் என்று குண்டில்லாமல் சுட்டாலும் இவ்வபாயம் நீங்குவதில்லை.

கேப்பு இல்லாமல் குதிரையைப் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, கட்டைவிரலைக் குதிரைமேல் வைத்துக்கொண்டு விசையை அழுத்துக. குதிரை விழலாகாது. முழு ஏற்றத்தில் நிறுத்திக் கட்டையை உள்ளங்கையால் தட்டினாலும் விழலாகாது. விழுமாயின், வரப்பில் கால் இடறும்போதே வெடித்துவிடும்.

5. கட்டை

கைபிடிக்கும் மெலிந்த இடத்தில் விரிசல், கம்பிக் கட்டு, கரையான் துளை ஆகியவற்றைத் தேடுக. புது வார்னீஷும் மெழுகும் பெரும்பாலும் இவற்றை மறைக்கவே பூசப்படுகின்றன. கட்டையை மாற்றலாம், ஆகையால் இது விலையைக் குறைக்கக் காரணமாகுமேயன்றித் தள்ளுவதற்குக் காரணமாகாது.

6. வரிக்குழல் வேண்டுமா?

பழைய பட்டாளத்துத் துப்பாக்கி என்று பெருமையாகக் காட்டப்படுபவற்றுள் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ஒன்று. அதன் குழல் 39 அங்குலம். உட்புறத்தில் மூன்று சுருள்வரிகள் உண்டு. அதன் குறிப்பலகை 900 கஜம்வரை அளவிடப்பட்டது. பூட்டில் 'டவர்' என்னும் முத்திரை மட்டும் இருப்பதால் அது அசல் ஆகிவிடாது. அம்முத்திரை போலிகளிலும் உண்டு. வரிக்குழலில் ரவை கெட்டித்தால் ஒழுங்கின்றிச் சிதறும். குண்டு கெட்டித்தால் வெகுதூரம் செல்லும். சமநிலமும், சாலைகளும், இரவு முறை முடித்துத் தொழிலாளர் நடந்து வரும் பாதைகளும் நிறைந்த நம் பக்கத்துக்கு அது ஏற்றதன்று.

7. முடிவு செய்யும் முறை

தள்ளவேண்டியவை: பின்பாகத்தில் பள்ளம், வீக்கம், வெடிப்பு, திருகில் கசிவு, பற்றவைப்பு, எண் அழிவு. இவற்றுள் ஒன்று இருந்தாலும் இனாமாகத் தந்தாலும் வேண்டா.

பழுது பார்க்கத்தக்கவை: கட்டை விரிசல், தளர்ந்த வில், நழுவும் குதிரை, தேய்ந்த முளை, கோல் இல்லாமை. பட்டறைக்காரர் கேட்கும் கூலியை விலையோடு கூட்டிப் பார்த்த பின்னரே பேரம் பேசுக. வாங்கிய பிறகும் கரிமருந்தன்றிப் புகையில்லா மருந்தை ஒருகாலும் கெட்டிக்கலாகாது. அதன் அழுத்தத்தை இக்குழல்கள் தாங்கா.

இறுதியாக ஒன்று. துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் உரிமை ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளையும் வனத்துறையினரே சுடுவர். ஆதலால் குடியானவர் கையில் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் சத்தத்துக்கே பயன்படும். அச்சத்தத்தின் பொருட்டுக் கையையும் கண்ணையும் பணயம் வைக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள். பழைய துப்பாக்கிக்கும் அதன் பழுதுக்கும் ஆகும் பணத்தை நாலைந்து நிலக்காரர் ஒன்றுகூடி வேலிக்குச் செலவிட்டால் நலம் மிகுதி. கிராம நிர்வாக அலுவலர்கள், பயிர்ச் சேதம் நேர்ந்தவுடன் பார்வையிட்டு, வனத்துறை இழப்பீட்டு மனுவுக்குரிய சான்றைத் தாமதமின்றி வழங்குவார்களாயின், இவ்வித மலிவுச் சரக்கைத் தேடும் அவசியம் பலருக்கு நேராது.